மூதறிஞரும் மதுவிலக்கும்

தமிழிலக்கியம் கள்ளைப் பற்றி இருவேறு குரலிற் பேசியிருக்கின்றது. சங்கச் சான்றோர் அதனை வெறுத்தொதுக்கினாரல்லர். அதியமான் நெடுமானஞ்சி தன்னிடம் உள்ள கள் சிறிதாயின் அதனைப் புலவர்க்கே ஈந்துவிடும் இயல்பினன் என்பதை, அவன் மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு நினைவுகூர்கின்றது. பின்வந்த திருவள்ளுவரோ பொருட்பாலிலே கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரத்தையே வகுத்து அதனைக் கடிந்தார். அவ்வதிகாரத்துள் இரண்டு கருத்துக்கள் நம் சிந்தனைக்கு உரியன. குடித்துக் களித்த மகனைப் பெற்ற தாயே சகித்துக்கொள்ளமாட்டாள் என்பது ஒன்று. குடிவெறியில் இருப்பவனிடம் காரணங்காட்டித் தெளிவிக்க முயல்வது, நீரில் மூழ்கியவனைத் தீப்பந்தங் கொண்டு தேடுவதற்கு ஒப்பாகும் என்பது மற்றொன்று. குடியின் துன்பம் குடிப்பவனோடு நில்லாது வீட்டைத் தாக்குகின்றது என்பதையும், அதனைத் தீர்க்க அறிவுரை மட்டும் போதாது என்பதையும் வள்ளுவர் அன்றே உணர்ந்திருந்தார் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டிலே அந்த அதிகாரத்தை அரசாங்கச் சட்டமாக்க முனைந்து, தமது நெடிய வாழ்வில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளை அதற்கெனச் செலவிட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவரே மூதறிஞர் எனப் போற்றப்பெற்ற சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். அன்னாரின் வாழ்வை இன்று வன்னி மண்ணில் இருந்து நோக்குவதற்குத் தக்க காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டு போர் ஓய்ந்தபின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் மக்கள் தத்தம் ஊர்களுக்கு மீண்டனர். குளங்கள் திருத்தப்பட்டன, பாடசாலைகள் எழுந்தன, வயல்கள் மறுபடி பசுமை கொண்டன. ஆயினும் தவறணையும் மதுக்கடையும் கசிப்பும் பல குடும்பங்களின் நிம்மதியைக் குலைத்து வருவதை ஆசிரியர்கள் நன்கறிவர். காலையில் வகுப்புக்கு வரும் பிள்ளையின் முகத்திலேயே முந்திய இரவின் கதை எழுதப்பட்டிருப்பதை அவர்கள் காணாத நாள் அரிது. இந்நிலையில் இராஜாஜியின் வெற்றியும் தோல்வியும் நமக்குப் பாடமாக அமைகின்றன.

சேலத்து வழக்கறிஞர்

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், ஓசூருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி கற்றுச் சட்டத்திலே தேர்ந்து, 1900ஆம் ஆண்டளவிற் சேலத்தில் வழக்கறிஞராக அமர்ந்தார். தொழில் சிறந்தது, செல்வமும் பெருகியது. நாற்பது வயதை எட்டுமுன்னரே மனைவியார் அலர்மேல் மங்கை ஐந்து மக்களை விட்டு மறைந்தார். அதன்பின் இராஜாஜி மறுமணம் புரிந்தாரல்லர். 1917இற் சேலம் நகரசபையின் தலைவரானார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டதும் வருவாய் மிக்க தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரிற் சிறைப்பட்டு வேலூர்ச் சிறையில் இருந்தார்.

ஒத்துழையாமை இயக்கம் நடந்த அக்காலத்திலேதான் கள்ளுக்கடை மறியல் தமிழ்நாடெங்கும் பரவியது. ஈரோட்டிலே பெரியார் ஈ. வெ. இராமசாமி, சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குரிய தோப்பிலிருந்த தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவர்தம் மனைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை தாங்கினர். குடியினால் அல்லலுற்ற பெண்கள், அதனை வீட்டினுள் மறைத்து அழுவதை விடுத்து வீதிக்கு வந்து பேசத் தொடங்கிய காலம் அது.

புதுப்பாளையத்துக் குடில்

1925ஆம் ஆண்டு பிப்ரவரியில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அவ்வூர் நிலக்கிழார் இரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் வழங்கினார். பின்னாளில் அரசியலில் எதிரெதிர் நின்றபோதும் நட்பிற் குறையாத பெரியாரே அதனைத் திறந்துவைத்தார். சேலத்து மாளிகை வாழ்வை விட்டு இராஜாஜி ஆசிரமத்தில் எளிய வீடொன்றிற் குடியேறினார்.

வானம் பொய்க்கும் வறண்ட நாடு அது. கதர் நூற்றலாலும் நெசவாலும் ஆசிரமம் ஏழைகளுக்கு வேலை தந்தது. ஆயின் வேலையால் வந்த கூலி வீடு சேருமுன்னரே கள்ளுக்கடையில் கரைவதை இராஜாஜி அருகிருந்து கண்டார். ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வருவாய் தேடிக்கொடுத்தாலும், மாலைப்பொழுதில் அது ஓட்டைக் குடத்து நீராகின்றது என்ற உண்மை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. நகரத்து மேடைகளில் மது ஒரு குற்றமாகவோ பாவமாகவோ பேசப்பட்டது. கிராமத்திலிருந்த இராஜாஜிக்கோ அது அடுப்பெரியாத வீடாகவும், அடகுக்குப் போன தாலியாகவும் கண்முன் நின்றது. குடியை வீட்டின் பக்கத்திலிருந்து பார்க்கும் இந்த நோக்கே அன்னாரின் பிற்காலப் பணி அனைத்துக்கும் அடிப்படையாயிற்று.

1927 நவம்பரிற் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது இராஜாஜியும் உடன்வந்தார். யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று அவர்கள் வடபுலத்துக்கும் சென்றனர். கதர் நிதி திரட்டுவது பயணத்தின் முதல் நோக்கமாயினும், மதுவிலக்கும் காந்தியடிகளின் இலங்கைப் பேச்சுக்களில் இடம்பெற்றது. பனையும் தென்னையும் கள்ளும் தவறணையும் கடலின் இருகரைக்கும் பொதுவன்றோ!

விமோசனம் என்னும் இதழ்

1929இலே இராஜாஜி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். மதுவிலக்கு ஒன்றையே பொருளாகக் கொண்டது அவ்விதழ். அதன் துணையாசிரியராக அமர்ந்தவர், பின்னாளிற் ‘கல்கி’ எனத் தமிழுலகு அறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தியே. தமிழ்ச் சிறுகதை வளர்ந்துவந்த அந்நாளில், குடிகாரன் வீட்டுத் துயரம் கதையாகவும் சித்திரமாகவும் அதிற் புகுந்தது. எழுத்தறியாதோர்க்கும் பிறர் படித்துக் காட்டத்தக்க எளிய தமிழில் அது வெளிவந்தது. பத்து இதழ்களே வந்தன. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தது; இராஜாஜி வேதாரணியத்துக்குப் படை நடத்திச் சிறைபுகுந்தார்; கல்கியும் சிறைபட்டார்; இதழ் நின்றது.

அக்காலத்தில் இந்திய மதுவிலக்குக் கழகத்தின் செயலாளராகவும் இராஜாஜி பணியாற்றினார். மதுவிலக்கை விளக்கும் கைந்நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதினார். அமெரிக்க நாடு 1920இல் மதுவிலக்கைக் கொணர்ந்து, களவுச் சாராயமும் கொள்ளைக் கும்பலும் பெருகக் கண்டு, 1933இல் அதனைக் கைவிட்டது. அச்செய்தியைக் காட்டி இந்தியாவிலும் பலர் எள்ளினர். அமெரிக்காவின் நிலை வேறு, குடியைப் பெரும்பாலோர் இழிவெனக் கருதும் இந்தியாவின் நிலை வேறு என்பது இராஜாஜியின் துணிபு.

சேலம் மாவட்டச் சோதனை

1937ஆம் ஆண்டு ஜூலையிற் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் பொறுப்பு அன்னாரை வந்தடைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாளே, தாம் வாழ்ந்து பழகிய சேலம் மாவட்டத்தில் முழு மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939இல் வட ஆர்க்காட்டுக்கும் அது விரிந்தது. மதுவால் வந்த வரியை இழந்த கருவூலத்தை ஈடுசெய்ய, 1939இற் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தார். இன்று இந்தியா முழுவதும் பொருள் வாங்குவோர் செலுத்தும் வரிக்கு முன்னோடியான அவ்வரி, கள்ளுக்கடையை மூடியதால் நேர்ந்த இழப்பினின்று பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

சேலத்தில் நடந்தது வெறும் கடையடைப்பாக இருந்திருப்பின் அதனை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. குடிக்கப் பழகியவனுக்கு மாலைப்பொழுது ஒரு வெற்றிடமாகிவிடும். அவ்விடத்தை நிரப்பாவிடின் அவன் கால் பழைய வழியே செல்லும் என்பதை அரசாங்கம் உணர்ந்திருந்தது. டிக்சன் என்னும் ஆங்கிலேய மாவட்ட ஆட்சியர் இத்திட்டத்தை ஆர்வத்துடன் நடத்தினார். ஊர்களிலே தேநீர்க் கடைகள் தோன்றின. விளையாட்டுக்களும் பஜனைகளும் கூத்துக்களும் ஊக்குவிக்கப்பட்டன. சிக்கன சேமிப்புக்கு வழி செய்யப்பட்டது. மரமேறும் தொழிலாளரின் பிழைப்புக் கெடாதவாறு பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவதற்கு இடமளிக்கப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் அம்மாவட்டத்துக் குடும்பங்களை ஆராய்ந்தனர். கள்ளுக்குச் சென்ற காசு உணவுக்கும் உடைக்கும் திரும்பியதையும், வீட்டுச் சச்சரவுகள் குறைந்ததையும் அவர்கள் பதிந்துவைத்தனர்.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். வெல்லத் தொழில் மரமேறிகள் எல்லோருக்கும் கைகொடுக்கவில்லை. ஒளித்துக் காய்ச்சுவோர் ஆங்காங்கே தோன்றினர். சட்டத்தை மீறி அகப்பட்டோர் பெரிதும் ஏழைகளே. இராஜாஜியின் அரசு அதே ஆட்சியிற் கொணர்ந்த கட்டாய இந்தித் திட்டமோ தமிழரின் கடும் எதிர்ப்பைப் பெற்றது. ஒரு துறையில் மக்கள் மனத்தை ஆழ அறிந்தவர், மற்றொரு துறையில் அதனைத் தவறவிட்டார் என்று வரலாறு கூறும்.

அக்ரனில் எழுந்த மற்றொரு வழி

சேலத்திற் கடைகள் மூடப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1935 ஜூனில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரிலே வேறொன்று தொடங்கியிருந்தது. குடியால் வீழ்ந்த வணிகர் பில் வில்சனும், அவரைப் போன்றே வீழ்ந்த மருத்துவர் பாப் ஸ்மித்தும் ஒருவர்க்கொருவர் துணையாகி, இன்று ஒருநாள் மட்டும் குடிப்பதில்லை என்ற உறுதியை நாள்தோறும் புதுப்பிக்கத் தலைப்பட்டனர். பெயர் வெளியிடாத குடிநோயாளர் சங்கம் அதனின்றும் எழுந்து உலகெங்கும் பரவியது. பில்லின் மனைவி லோயிஸ், பதினேழு ஆண்டுகள் கணவனைத் திருத்த முயன்று தோற்றவர். கணவர் தெளிந்தபின்னரே, குடிப்பவனைக் காவல் காத்துக் காத்துத் தாமும் நோயுற்றிருந்ததை அவர் கண்டார். 1951இலே குடிநோயாளரின் குடும்பத்தாருக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை ஏனைய பெண்களுடன் சேர்ந்து அமைத்தார். 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடியடிமையை நோயென ஏற்றுக்கொண்டது.

இராஜாஜியின் வழி, நோய் பரவும் ஊருணியைத் தூர்ப்பது. அக்ரன் வழி, ஏற்கெனவே நோயுற்றவனின் கையைப் பிடிப்பது. முன்னது இளைஞரைக் காக்கும். பின்னது மூழ்கியவரை மீட்கும். சேலத்தில் மாலைப்பொழுதை நிரப்பிய தேநீர்க்கடை, இடைநிலையில் நின்று இரண்டையும் ஒருவாறு இணைத்தது. ஆயினும் நெடுநாட் குடித்துடல் பழகியவனுக்குத் தனி மருத்துவமும் தேவை என்ற அறிவு அக்காலத்தில் வளர்ந்திருக்கவில்லை.

இன்றைய மருத்துவம் அதனைத் தெளிவாக உரைக்கின்றது. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவரின் மூளை மதுவோடு இயங்கவே பழகிவிடுகின்றது. திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். சிலருக்கு இரண்டு மூன்று நாட்களுள் வலிப்பும் சித்தக்கலக்கமும் ஏற்பட்டு உயிருக்கே தீங்கு நேரலாம். ஆகவே அத்தகையோரை வீட்டு அறையிற் பூட்டிவைத்துத் திருத்த முயல்வது பேராபத்து. மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை.

இறுதிவரை விடாத வேண்டுகோள்

1939 அக்டோபரிற் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. போர்க்காலத்தில், ஆளுநர் ஆட்சியிலே மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1946இற் பிரகாசம் ஆட்சியில் மீண்டும் தொடங்கி, 1948 அக்டோபர் 2ஆம் நாள் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியிற் சென்னை மாகாணம் முழுவதுக்கும் அது விரிந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 47ஆம் உறுப்பும் மதுவிலக்கை அரசின் நோக்கமாக ஏற்றது. இதற்கிடையில் இராஜாஜி சுதந்திர இந்தியாவின் முதலாவது இந்தியத் தலைமை ஆளுநராக விளங்கினார். மீண்டும் 1952இற் சென்னையின் முதலமைச்சரானார். கல்வித் திட்டம் எழுப்பிய எதிர்ப்பிடையே 1954இற் பதவி விலகினார். ‘சக்கரவர்த்தித் திருமகன்’, ‘வியாசர் விருந்து’ முதலிய நூல்களால் இதிகாசங்களைத் தமிழ் வீடுகள்தோறும் கொண்டுசேர்த்தார்.

1971இலே தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முற்பட்டது. அப்போது இராஜாஜிக்கு வயது 92. முதலமைச்சர் மு. கருணாநிதியின் இல்லத்துக்குத் தாமே சென்று, அம்முடிவைக் கைவிடுமாறு வேண்டினார். அரசின் பொருள் நெருக்கடி அவ்வேண்டுகோளை ஏற்க இடந்தரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் மதுவிலக்குத் தளர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அன்னார் சென்னையிற் காலமானார். 1970களின் நடுவிற் கள்ளும் சாராயமும் மீண்டும் விலக்கப்பட்டன. 1981இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 1983இல் அரசே மது வாணிபக் கழகத்தை நிறுவியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. மதுக்கடையை மூடுவதற்காக விற்பனை வரி கண்டவரின் நாட்டிலே, மதுக்கடையே அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாயிற்று. ஒருவரின் வாழ்நாள் முயற்சி இவ்வாறு தலைகீழாவது சோகமே.

வன்னிக்கு உரிய பாடம்

இச்சோகத்தினின்று நாம் பெறுவது யாது? கடைகளின் தொகை கூடுவதும் குறைவதும் ஊரின் குடிப்பழக்கத்தை மாற்றும் என்பதைச் சேலம் காட்டியது. ஆகவே பாடசாலைக்கும் கோயிலுக்கும் அண்மையில் மதுக்கடை திறப்பதை எதிர்த்துக் குரல்கொடுக்கும் தாய்மாரும் ஆசிரியரும் செய்வது நற்பணியே. அதேவேளை, தவறணை ஒன்றை மூடினால் அதன் வாடிக்கையாளர் காட்டோரத்துக் கசிப்பை நாடக்கூடும் என்பதையும், சீவல் தொழிலாளரின் அடுப்பும் எரியவேண்டும் என்பதையும் மறத்தலாகாது. மூடும் கைக்கு மாற்றுத் தரும் கையும் துணைசெய்தல் வேண்டும்.

சட்டம் வீட்டு வாசல்வரைதான் வரும். அதற்கப்பால் உள்ள பணி உறவினரின் பணி. வன்னியிலே குடிப்போருட் சிலர், போரில் இழந்த மக்களையும் உறுப்பையும் நினைந்து உறங்கமாட்டாமல் மதுவை மருந்தென நாடியவர்கள். அவரைப் பலர் முன்னிலையில் இகழ்ந்தால் அவமானம் பெருகும். அவமானம் மீண்டும் குடியையே தேடும். வெறியில் இருக்கையில் வாதிடுவதால் பயனில்லை என்ற வள்ளுவர் கருத்தை நினைந்து, தெளிந்த காலைப்பொழுதில் அமைதியாகப் பேசுதல் நன்று. குடித்த கடனைக் குடும்பத்தார் அடைப்பதும், வேலைக்குப் போகாத நாளுக்குப் பொய்க்காரணம் சொல்வதும் அன்பினாற் செய்யப்படுவனவே. ஆயினும் அவை நோயை மறைத்து வளர்க்கும். குடிப்பவரை வெறுக்காமல், குடிக்குத் துணைபோகாமல் நிற்பது அரிய கலை. அக்கலை ஒருத்தி தனித்துப் பயிலக்கூடியதன்று. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவும், நம்பத்தக்க உறவினரும், ஆசிரியரும் அவளுக்குத் துணையாதல் வேண்டும். அடியும் உதையும் நேரும் வீட்டிலோ, அவளும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதே முதற்கடன். அதனைப் பொறுமையின்மை எனப் பழித்தல் அறமாகாது.

மீண்டும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. தெளிந்தவர் சில திங்களுக்குப்பின் ஒருநாள் மறுபடி குடிக்கக்கூடும். அதுகண்டு எல்லாம் பாழாயிற்று எனக் கைவிடுவோர் பலர். நீரிழிவு கூடும்போதும் ஆஸ்துமா திரும்பும்போதும் நோயாளியை நாம் கைவிடுவதில்லை. மருந்தை மாற்றி மறுபடி தொடங்குகின்றோம். குடிநோயும் அத்தகையதே. மாகாண மதுவிலக்கு இடையிடையே தடைப்பட்டும் தளர்ந்தும் போனபோது, இராஜாஜி அதனை முடிந்த கதையெனக் கருதினாரல்லர். தொண்ணூற்றிரண்டாம் வயதிலும் ஒருவர் வாசலுக்கு நடந்துசென்று கேட்கும் மனம் அவருக்கு இருந்தது. ஒரு நாட்டின் பொருட்டு அவர் கொண்ட அந்த விடாப்பிடியை, ஒரு மகன் பொருட்டும் ஒரு கணவன் பொருட்டும் கொள்வதற்கு நம் வீடுகளுக்குத் துணை தேவை. அத்துணையைத் தருவது ஊராரின் கடன்.